பழுதண்ணையின் வாயை அடைத்த கார்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று ஓடுகிற வாகனங்களில் பாதியைப் பழுதண்ணைதான் விற்றிருப்பார். மற்றப் பாதி, அவர் சொன்ன பழுதுகளைக் கேட்டுப் பயந்து வேறு தரகர்களிடம் போனவர்கள் வாங்கியவை. கராஜ்களில் வரிசையாக நிற்பவை அவைதான்.

நான் இப்போது திருகோணமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளராக இருக்கிறேன். அதற்கு முன் சில வருடங்கள் யாழ்ப்பாணத்தில், பழைய வாகனங்களைப் பிரித்துப் புதிதாக்கித் தரும் கராஜ் ஒன்றில் வேலை. எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சரி அடையாளம் இட்டு முடித்தால்தான் எனக்கு நித்திரை வரும். மனிதர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்: சொன்ன நேரத்துக்கு வருபவர்கள், வராதவர்கள், வீட்டில் இருந்துகொண்டே “இந்தா சந்தியிலை நிக்கிறன்” என்பவர்கள். பழுதண்ணைக்காக மட்டும் தனியாக ஒரு வகை திறக்கவேண்டி வந்தது. இன்றுவரை அந்த வகையில் இன்னொருவர் சேரவில்லை.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொடக்கம் பென்சன்காரர் வரை எல்லாருக்கும் அவர் அண்ணைதான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முகத்துக்கு நேரேயே “பழுதண்ணை” என்று கூப்பிடுவார்கள். “ஓம், சொல்லுங்கோ” என்பார். வாகனம் விற்கிறவர் வருவது சைக்கிளில். அந்தச் சைக்கிளுக்கும் இரண்டு பழுது உண்டு. கேட்காமலே சொல்வார்.

வாகனத் தரகர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். டொக்டர் ஒருவர் பாவித்த கார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போன கார். வெயில் காணாத கார். பழுதண்ணை வாகனத்துக்கு முன்னால் வாங்க வந்தவரை நிறுத்தி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்குவார்.

“முதல்லை பழுதைக் கேளுங்கோ. கேட்டாப் பிறகும் விருப்பமெண்டால் வாகனத்தைப் பாப்பம்.”

இணுவிலில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவருக்கு அவர் லொறி விற்ற நாளில் நான் பக்கத்தில் நின்றேன். “ஐயா, இதின்ரை கோண் பொத்தானை அமத்தினால் வைப்பர் ஆடும். வைப்பரைப் போட்டால் கோண் அடிக்கும். மழை நாளிலை நீங்கள் வாறது ஊருக்கே கேக்கும்.” வெங்காயக்காரர் யோசித்தார். “வேறை?” “வேறை இல்லை.” “அப்ப ஏன் யோசிப்பான்” என்று வாங்கிக்கொண்டு போனார். பிறகு யாரோ ஒரு மெக்கானிக் வயரை மாற்றி அதைச் சரிசெய்து விட்டானாம். வெங்காயக்காரர் நேரே பழுதண்ணையிடம் வந்து, “நீர் சொன்ன பழுதைக் காணேல்லை, லொறியை ஆரோ மாத்திப்போட்டாங்கள்” என்று முறைப்பாடு செய்தார்.

இந்தப் பழக்கம் வாகனத்தோடு நிற்கவில்லை. நான் கராஜில் சேர்ந்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்து, “பிள்ளை இஞ்சை புதுசோ? உங்கடை முதலாளிக்குப் பின்னேரம் கோவம் வரும். கறண்ட் போனால் ஜெனறேற்றர் வேலை செய்யாது. ரீ தண்ணி மாதிரி. மற்றும்படி நல்ல இடம்” என்றார். முதலாளி பக்கத்திலேயே நின்றார். அன்று பின்னேரத்துக்குள் மூன்றும் உறுதியாயின.

ஒருமுறை செத்தவீடு ஒன்றில் இரங்கல் உரை ஆற்ற இவரையும் கூப்பிட்டுவிட்டார்கள். முன்னால் பேசியவர்கள் எல்லாரும் காலமானவரை வள்ளல், உத்தமர், கர்ணன் என்று அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சபையில் பாதி கொட்டாவி. பழுதண்ணை எழும்பினார். “உவர் ஒரு வாகனத்தையும் வாழ்க்கையிலை கழுவினதில்லை. காருக்குள்ளை வெத்திலை துப்புவார். ஆரைக் கண்டாலும் நிப்பாட்டி ஏத்துவார். ஏத்தினால் இறக்கமாட்டார், தன்ரை கதை முடியுமட்டும் சுத்துவார்.” அந்த வீட்டில் அப்போதுதான் முதல்முறையாகச் சத்தமாக அழுகை கேட்டது. அதுவரை யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே குடும்பத்துக்குத் தெரியவில்லை போலும்.

இப்படிப்பட்ட மனிதரிடம் தெல்லிப்பழை ரீச்சரின் கார் வந்தது.

ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவரும் அங்கே மாஸ்ரர். முன்னொரு காலத்தில் அங்கே படிப்பித்த அமெரிக்கர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் காரை மாஸ்ரருக்கு விற்றுவிட்டுப் போனார். இந்த இனத்தை அமெரிக்காவில் மசில் கார் என்பார்கள். சாதாரண உடம்புக்குள் லொறியின் இருதயத்தை வைத்துத் தைத்ததுபோல் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். போதாததற்கு மேற்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அந்த மடிக்கும் கூரையை எங்கள் ஊரில் ஹூட் என்போம். மாஸ்ரரும் ரீச்சரும் ஹூட்டைத் திறந்துவிட்டுக் கீரிமலைக்குப் போனால், வழியில் தோட்டங்களில் நீர் இறைப்பு நின்றுவிடுமாம்.

பிறகு பெற்றோல் இல்லாமல் போனது. பிறகு சண்டையில் ஊரே இல்லாமல் போனது. அவர்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. காருக்குள் பூவரசு ஒன்று முளைத்து நின்றது. மாஸ்ரர் அந்தப் பூவரசைக் கவனமாகப் பிடுங்கி வேலியோரம் நட்டுவிட்டு, காரை மூடி வைத்தார். அவர் காலமான பிறகு, மெல்பேணில் இருக்கும் மகன் காரைத் திருத்தச் சொல்லி எங்கள் கராஜுக்கு அனுப்பினான்.

அந்தக் காருக்குள் என்னுடைய இளமையில் ஒரு துண்டு போனது. கடைசி ஆணிவரை கழற்றினோம். துருப்பிடித்த தகடுகளை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தோம். எஞ்சின் என் பொறுப்பு. எட்டுச் சிலிண்டர்களையும் கடைந்து, அமெரிக்காவிலிருந்து வந்த பிஸ்டன்களை என் கையாலேயே இறக்கினேன். நிறம் மட்டும் ரீச்சரின் தெரிவு: கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கனிந்த மஞ்சள். வேலை முடிந்து முதன்முறை சாவியைத் திருப்பியபோது கராஜில் எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கார்கள் இருமிக்கொண்டு கிளம்பும். இது கிளம்பியபோது மேசையில் இருந்த ரீக் கோப்பைகள் மெல்ல நகர்ந்தன.

ரீச்சருக்கு அதை வைத்திருக்க வழியில்லை. மகனோடு போய் இருப்பதற்கு விசா வந்துவிட்டது. ஐப்பசி முடிய விமானம். “ஓடுற ஆளுக்குத்தான் குடுக்கவேணும்” என்பது அவருடைய ஒரே நிபந்தனை. ஆனால் தெற்கில் ஒரு கடற்கரை விடுதியும் காரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் ஓடுவதற்குக் கேட்கவில்லை. எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்தக் குழிக்குள் ஐஸ் நிரப்பி, வரவேற்பறையில் இளநீரும் பழச்சாறும் வைக்கப் போகிறார்களாம். அதை என்னிடம் போனில் சொன்னவர் மிகவும் மகிழ்ச்சியாகச் சொன்னார். “எஞ்சினை நீங்களே வச்சுக்கொள்ளலாம், மிஸ்!”

மகன் தீர்மானமாக இருந்தான். அம்மா விமானம் ஏறுவதற்குள் ஓடுகிற ஆள் கிடைத்தால் சரி. இல்லையென்றால் விடுதிக்காரரின் லொறி வந்து ஏற்றும்.

ஆகவே பழுதண்ணையைக் கூப்பிட்டோம்.

ரீச்சர் வீட்டு முற்றத்தில் நான் துணியை இழுத்து எடுத்தேன். பழுதண்ணை வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சேட்டுப் பையிலிருந்து லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றிய காந்தத் துண்டை எடுத்தார். தகட்டில் பட்டி பூசி நிரப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. எத்தனையோ பளபளப்பான கார்களின் மானத்தை அந்தத் துண்டு வாங்கியிருக்கிறது. முன் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் வைத்தார். ஒட்டியது. கதவில் வைத்தார். ஒட்டியது. பின்பக்கம், சில்லு வளைவு, கதவின் அடி விளிம்பு என்று ஒன்றுவிடாமல் வைத்துக்கொண்டு போனார். எல்லா இடத்திலும் பிள்ளை தாயை ஒட்டியதுபோல் ஒட்டியது.

நிலத்தில் படுத்து அடியைப் பார்த்தார். எழும்பும்போது முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

“பிள்ளை, ஸ்ராட் பண்ணு.”

செய்தேன். வேலியில் இருந்த காகங்கள் பறந்தன. பழுதண்ணை பொனற்றின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். அப்படியே நின்றார். ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் ரீச்சரைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே நிறுத்தினேன்.

“என்ன அண்ணை?”

“ஒண்டும் இல்லைப் பிள்ளை.”

“எப்பிடி?”

“ஒண்டுமே இல்லை. உதிலை ஒரு பழுதும் இல்லை.” கோயிலில் திரை விலகும்போது வரும் குரல் அது. பிறகு முகம் வாடியது. “அப்ப நான் எங்கை தொடங்குறது?”

நான் அதை அப்போது பகிடி என்று நினைத்தேன்.

முதலில் வந்தவர் சுவிஸ்காரர் ஒருவர். மகளின் சாமத்தியவீடு என்கிற பூப்புனித நீராட்டு விழாவுக்காக ஊருக்கு வந்திருந்தார். பிள்ளையைத் திறந்த காரில் மண்டபத்துக்கு அழைத்துப் போய், பிறகு காரைத் தானே ஊரில் வைத்து ஓடுவது அவருடைய எண்ணம். காரைக் கண்டதும் கண்கள் விரிந்தன. ஆனால் அவரும் ஊர் ஆள், முறை தெரிந்தவர்.

“அண்ணை, முதல்லை பழுதைச் சொல்லுங்கோ.”

பழுதண்ணை வாயைத் திறந்தார். மூடினார்.

“சொல்லுங்கோவன். எஞ்சினோ?”

“இல்லைத் தம்பி.”

“கியர்ப் பெட்டியோ?”

“இல்லை.”

“அடித்தகடு உக்கலோ?”

“சீச்சீ.”

சுவிஸ்காரர் ஒரு அடி பின்னுக்குப் போனார். “பொலிஸ் பிரச்சினையோ?”

“ஒரு பழுதும் இல்லைத் தம்பி” என்றார் பழுதண்ணை. பரவசத்தில் அவருடைய குரல் நடுங்கியது. சுவிஸ்காரருக்கு அது வேறு நடுக்கமாகக் கேட்டது.

“அண்ணை… உதுக்குள்ளை ஆரேனும் செத்தவையோ?”

அவர் போன வேகத்தில் ஒரு செருப்பு வேலிப் படலையடியில் கழன்று கிடந்தது. மகள் கடைசியில் குதிரை வண்டியில் போனாள் என்று கேள்வி.

சிக்கல் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாழ்நாள் முழுவதும் எல்லாப் பழுதையும் சொல்லியே விற்ற மனிதர் ஒரு வாகனத்தின் முன்னால் வாயடைத்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? பழுது இல்லை என்று நினைக்காது. பழுதண்ணையாலேயே வாயால் சொல்ல முடியாத பழுது என்றுதான் நினைக்கும்.

அப்படியே நினைத்தது. அன்று பின்னேரமே, காருக்குப் பிரேக் பிடிக்காது என்று கதை வந்தது. அடுத்த நாள், அது தானாகவே ஸ்ராட் ஆகும் என்றார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள், பழைய அமெரிக்கர் பின்சீற்றில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் கதைக்கிறார் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ரீச்சருக்குக் கோபம் வந்தது.

“இங்கிலிசிலை கதைக்கிற பேய் எண்டால் நான் எப்பவோ போய்க் கதைச்சிருப்பன். இஞ்சை எனக்கு வேறை ஆர் இருக்கினம், இங்கிலிசிலை கதைக்க?”

இரண்டாவதாக வந்த கல்யாண மண்டபக்காரர் இணுவிலில் இருந்து வரும்போதே ஆயத்தமாக வந்தார். “பயப்பிடாமல் சொல்லுங்கோ பழுதண்ணை. ஐயரைக் கொண்டு ஒரு பூசை போட்டால் போகுமோ?” ரீச்சர் மெதடிஸ்த சபைக்காரி. இந்த விவகாரத்தைச் சமாதானமாக முடிக்க நினைத்து, “தேவையெண்டால் எங்கடை பாஸ்ரரும் வந்து ஜெபம் பண்ணுவார்” என்று நல்ல மனதோடு சொன்னார். மண்டபக்காரரின் முகம் வெளிறியது.

“ரெண்டு சமயமும் சேந்து பாக்கவேண்டிய பழுதோ!”

அவரும் போனார். ஐப்பசியும் முடிந்துகொண்டு வந்தது. வீட்டில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. விடுதிக்காரர் லொறி அனுப்பும் நாளைச் சொல்லிவிட்டார்: வருகிற திங்கட்கிழமை.

நான் பழுதண்ணையைப் பிடித்து உட்காரவைத்து, என் வழியில் முயன்றேன். குறை என்று சொல்லக்கூடிய அத்தனையையும் போனில் குறித்து வைத்திருந்தேன்.

“அண்ணை, இது பெற்றோலைக் குடிச்சுத் தள்ளும்.”

“குடிக்காமல்? உடம்புக்கேத்த சாப்பாடு. உது பழுதில்லைப் பிள்ளை, குணம்.”

“ஸ்ரியறிங் இடப்பக்கம்.”

“பிறந்த ஊர்ப் பழக்கம்.”

“எங்கடை ஒழுங்கையளுக்குள்ளை போகாது.”

“அது ஒழுங்கையின்ரை பழுது.”

எனக்குப் பொறுமை போனது. “அப்ப சின்னதாய் ஒரு பொய் சொல்லுங்கோவன். ஒரு கதவு இறுக்கம் எண்டு சொல்லுங்கோ. சனம் நம்பும், வாங்கும், ஓடும்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, வருத்தம்.

“பிள்ளை, நீ சொந்தப் பிள்ளை மாதிரிப் பாத்துச் செய்த காரை, இல்லாத குறை சொல்லி நான் விக்கிறதோ? இருக்கிற பழுதை மறைக்கிறவனுக்கும் இல்லாததைச் சொல்லுறவனுக்கும் என்ன வித்தியாசம்?”

“வித்தியாசம் இருக்கு. திங்கட்கிழமை அது ஐஸ் பெட்டி. உங்கடை வாயாலைதான்.”

அவர் ரீயைக் குடிக்காமல் எழும்பிப் போனார். தண்ணி மாதிரி ரீ என்றாலும் ஒருநாளும் மிச்சம் வைக்காதவர்.

சனிக்கிழமை மத்தியானம் அவரே போன் எடுத்தார். பருத்தித்துறையில் அவருக்குத் தெரிந்த சம்மாட்டியார் ஒருவர், அதாவது வள்ளங்களும் வலைகளும் வைத்துத் தொழில் செய்விக்கிறவர், ஒரு புதினச் செய்தி கேள்விப்பட்டிருக்கிறார். “பழுதண்ணையே பழுது காணாத காரோ? எனக்கு உதைப் பாக்கவேணும். நான் வரேலாது, தொழில் கிடக்கு. இஞ்சை கொண்டு வாரும்.”

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து ரீச்சர் சாவியைத் தந்தார். “பிள்ளை, ஹூட்டைத் திறந்துகொண்டு போ. அதுக்கும் ஆசை இருக்கும்” என்றார்.

ஸ்ரியறிங் இடப்பக்கம் என்பதால் நான் இடப்பக்கம் இருந்தேன். வலப்பக்கம், எங்கள் ஊரில் எல்லா வாகனங்களிலும் சாரதி இருக்கும் இடத்தில், பழுதண்ணை இருந்தார். கார் றோட்டுக்கு ஏறியதும் அவர் கண்களை மூடி இரண்டு கைகளையும் நெஞ்சில் கூப்பிக்கொண்டார். பயத்தில் அல்ல. அந்த எஞ்சின் சத்தம் காலடியால் ஏறி நெஞ்சுக்குள் போவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில், கூரையில்லாத, பாயும் புலிபோல் உறுமுகிற ஒரு கார். சாரதி ஸ்தானத்தில் ஒரு கிழவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு வருகிறார். பக்கத்தில் ஒரு பெட்டை சிரித்துக்கொண்டிருக்கிறது.

அச்சுவேலியில் பஸ் சாரதி ஒருவர் பஸ்ஸை றோட்டுக் கரைக்கு இறக்கிவிட்டுக் கத்தினார். “ஐயா! கும்பிட்டது காணும்! ஸ்ரியறிங்கைப் பிடியுங்கோ!” பழுதண்ணை கண்ணைத் திறக்காமலே ஒரு கையை உயர்த்தி ஆசீர்வாதம்போல் காட்டினார். அதற்குப் பிறகு பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் கும்பிட்டார்கள்.

வல்லை வெளிக்கு வந்தபோது வானம் கறுத்தது. அங்கே ஒதுங்க ஒரு மரமும் கிடையாது. இரண்டு பக்கமும் வெறும் வெளியும் நீரும்தான். முதல் துளி விழுந்ததும் காரை நிறுத்தி, ஹூட்டை இழுத்து, முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொளுக்கிகளையும் பூட்டினேன். கராஜில் அந்த ஹூட்டின்மேல் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒரு மத்தியானம் முழுக்கச் சோதித்திருந்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆகவே மழை பிடித்தபோது எனக்குக் கவலையே இல்லை. வேகம் எடுத்தேன்.

“பிள்ளை.”

“என்ன அண்ணை?”

“என்ரை தலையிலை ஒரு துளி.”

“முதல் நனைஞ்சதாயிருக்கும். தலைமயிரிலை நிண்ட தண்ணி.”

“எனக்கு எங்கை தலைமயிர்?”

திரும்பிப் பார்த்தேன். அவருடைய வழுக்கையின் நட்ட நடுவில் இன்னொரு துளி விழுந்து உடைந்தது. பழுதண்ணையின் கண்கள் மெல்லத் திறந்தன. மேலே பார்த்தார். ஹூட்டும் கண்ணாடிச் சட்டமும் சேரும் மூலையில் அடுத்த துளி உருண்டு திரண்டுகொண்டிருந்தது.

“எப்பன் மெல்லமாய்ப் போ.”

வேகத்தைக் குறைத்தேன். துளி அங்கேயே தொங்கியது.

“இப்ப கெதியாய்ப் போ.”

விழுந்தது.

“ஒழுகுது!” அவர் சீற்றில் எழும்பப் பார்த்து ஹூட்டில் தலையை இடித்துக்கொண்டார். “பிள்ளை, ஒழுகுது! நிண்டால் ஒழுகாது, ஓடினால் ஒழுகுது! ஐயோ, எவ்வளவு வடிவான பழுது!”

எனக்கு முகம் எரிந்தது. காற்று அமத்தும்போது அந்த மூலையில் இறப்பர் விளிம்பு சற்று விலகுகிறது; நின்ற இடத்தில் எத்தனை குழாய் பிடித்தாலும் அது தெரியாது. “அண்ணை, நெல்லியடியிலை நிப்பாட்டுறன். ஒரு துண்டு இறப்பர் வாங்கினால் அரை மணித்தியாலத்திலை…”

“தொட்டியோ, பாத்துக்கொள்!” என்றார். வாழ்நாளில் அவர் என்னை மிரட்டியது அந்த ஒருமுறைதான். பருத்தித்துறை வரை அவர் தலையை நகர்த்தவில்லை. விழுகிற ஒவ்வொரு துளிக்கும் சரியாக இடம் கொடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு நனைந்தபடி வந்தார்.

சம்மாட்டியார் கடற்கரையோரத்தில் தன் வீட்டு முன்றலில் குடையோடு நின்றார். வள்ளங்களுக்குப் பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எஞ்சின் சத்தம் கேட்டுத் திரும்பி, அப்படியே எழும்பிவிட்டார்கள். வள்ளத்தின் வெளிஇணைப்பு எஞ்சின்களோடு வாழ்கிறவர்களின் காதுக்கு எஞ்சின் தெரியும்.

“சரி” என்றார் சம்மாட்டியார். “பழுதைச் சொல்லும்.”

பழுதண்ணை இறங்கினார். சேட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய குரல் பழைய குரலாகியிருந்தது.

“முதல்லை பழுதைக் கேளுங்கோ. மழைக்கை ஓடினால், வலப்பக்கம் இருக்கிற ஆளின்ரை தலையிலை ஒழுகும். நிப்பாட்டினால் நிக்கும். ஓடினால் ஒழுகும். வேறை ஒண்டும் இல்லை.”

சம்மாட்டியார் அவருடைய தலையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வலைக்காரரும் சிரித்தார்கள்.

“உதுதானோ? என்ரை வள்ளங்கள் நிண்டாலும் ஒழுகும், ஓடினாலும் ஒழுகும். பேய் எண்டாங்கள், பிசாசு எண்டாங்கள்! ஏன் காணும், உதையோ நீர் இவ்வளவு நாளும் வாய்க்குள்ளை வச்சிருந்தனீர்?”

“இவ்வளவு நாளும் தெரியாது. இண்டைக்குத்தான் விழுந்தது.”

அவரை நம்பாத ஆள் குடாநாட்டில் இல்லை. சம்மாட்டியார் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு ஒரு சந்தேகம். “அது சரி, நான் இடப்பக்கம் இருந்து ஓடினால், வலப்பக்கம் ஆர் இருக்கிறது?”

“உங்கடை வீட்டுக்காரி” என்றார் பழுதண்ணை. மறைக்கத் தெரியாதவர்.

கதவு நிலையில் நின்ற சம்மாட்டியாரின் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். ஒரு காலத்தில் சந்தைக்கு மீன் லொறி கொண்டு போனவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“அப்ப ஓடுறது நான். உவர் அங்காலை இருந்து நனையட்டும்.”

மழைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, ஒருமுறைதான் கேட்டார், “கிளச் எப்பிடி?” என்று. நான் சொல்லி முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது. கடல் முனைப் பக்கமாக ஒரு சுற்றுப் போய்வந்தார். திரும்பி வரும்போது ஹூட் திறந்திருந்தது. மழை விடவில்லை. தலை முதல் கால் வரை நனைந்து, கல்யாணப் பெண்ணைப்போல் இருந்தார்.

நான் ரீச்சருக்குப் போன் எடுத்தேன். விலையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“ஆர் ஓடப் போகினம்?”

“சம்மாட்டியாரின்ரை மனுசி, ரீச்சர். இப்ப ஒரு சுத்துப் போட்டு வந்தவ. மழைக்கை, ஹூட்டைத் திறந்துபோட்டு.”

அந்தப் பக்கம் ரீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அப்ப அது அங்கையே நிக்கட்டும் பிள்ளை. நாளைக்கு அவையளை இஞ்சை வரச்சொல்லு, கடுதாசியளை எழுதிக் குடுக்கிறன். லொறிக்காரனுக்கு நான் சொல்லிப்போடுறன்.”

கிளம்பும்போது பழுதண்ணை என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். “அடுத்த கிழமை வந்து உந்த மூலைக்கு நல்ல இறப்பர் போட்டுவிடு, பிள்ளை. விக்கிறதுக்குத்தான் பழுது வேணும். ஓடுறவைக்கு வேண்டாம்.” பிறகு காரின் பக்கமாகப் போய்ப் பொனற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

வந்த வாகனம் விற்றுப்போனதால் பஸ்ஸில்தான் திரும்பவேண்டியிருந்தது. மழைக்கு யன்னல்களை எல்லாம் மூடி, உள்ளே ஒரே புழுக்கம். நெல்லியடி வருவதற்குள் பழுதண்ணை நித்திரையாகிவிட்டார். ஈரத் தலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடி ஆடி, கடைசியில் என் தோளில் வந்து நின்றது. எஞ்சின் எண்ணெய்க் கை படக்கூடாது என்று நான் பத்திரமாக வைத்திருந்த புதுச் சட்டை அது. அசையாமல் இருந்தேன்.

கொண்டக்டர் வந்து அவருடைய தோளைத் தட்டப் போனார். “ஐயா, எங்கை இறங்கிறியள்? ஐயா!”

நான் இரண்டு பேருக்கும் காசை நீட்டினேன்.

“எழுப்பாதேங்கோ தம்பி. அவர் என்ரை ஆள்.”